வகுப்பறையில் ‘ஏ’ படம் போட்டுவிட்டார்கள், பெற்றோர் என்ன செய்யலாம்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. மகள் ஊர்ப்பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானம், பஸ் கிளம்பும்வரை பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று ஸ்மார்ட் போர்டில் ஒரு தமிழ்ப் படம் போட்டுவிட்டிருக்கிறார்கள். ‘ஏ’ சான்றிதழ் படம். ஸ்டேஷனில் வைத்து அடிப்பது, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, நடுவில் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்யும் காட்சி. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. போய்க் கேட்டதற்கு ஹெச்.எம்., “இது சமூக விழிப்புணர்வுப் படம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைவிட மோசமானதையெல்லாம் போனில் பார்க்கிறார்கள்” என்றாராம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் போலீசுக்குப் போகலாம் என்கிறார்கள், மீதிப் பேர் டி.சி. வாங்கிவிடலாம் என்கிறார்கள். “நான் என்ன செய்வது சார்?” என்பது கேள்வி.

நான் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். வகுப்பில் படம் போடுவது நல்லது என்று இன்றும் நம்புகிறேன். படம் போட்டுச் சூடு பட்டும் இருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நேர் பதில். எட்டாம் வகுப்புக்கு ‘ஏ’ படம் போட்டது தவறு. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ‘ஏ’ என்றால் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அப்பா அம்மா கூட வந்தாலும் பிள்ளைக்கு அனுமதி கிடையாது. 2025 ஆகஸ்டில் ‘கூலி’ வந்தபோது நம் ஆட்களுக்கு இது உறைத்தது. ரஜினி படம்தானே என்று குடும்பத்தோடு கிளம்பப் பார்த்தவர்களுக்கு ‘ஏ’ என்ற எழுத்து குறுக்கே நின்றது. தயாரிப்பாளர்கள் ‘யு/ஏ’ கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், மனு தள்ளுபடி ஆனது. தியேட்டர்காரர் வாசலில் நிறுத்த வேண்டிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் பெஞ்சில் உட்கார வைத்துக் காட்டலாமா என்று கேட்டால் எந்த ஹெச்.எம்.முக்கும் பதில் இருக்காது.

‘யு/ஏ’ கதை வேறு, அதில்தான் பலரும் குழம்புகிறார்கள். முன்பு ‘யு’, ‘ஏ’ என்று இரண்டுதான் இருந்தன. 1983இல் ‘யு/ஏ’ வந்தது, பெற்றோர் பார்த்து முடிவு செய்து காட்டலாம் என்பது அதன் பொருள். 2023இல் சினிமா சட்டத்தைத் திருத்தி அதை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தார்கள். இந்த எண்கள் தடை இல்லை. பெற்றோரும் பாதுகாவலரும் யோசிப்பதற்காகக் கொடுத்த குறிப்பு, அவ்வளவுதான். ஆகவே ‘யு/ஏ 16+’ படத்தை எட்டாவதுக்குப் போட்டால் சட்டம் மீறியதாகச் சொல்ல முடியாது. ஆனால் யோசித்து முடிவெடுக்கும் பொறுப்பைச் சட்டம் உங்களிடம் கொடுத்திருக்கிறது, கிளாஸ் டீச்சரிடம் கொடுக்கவில்லை. உங்களுக்குத் தெரிவிக்காமல் போட்டால் அந்த உரிமையை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஆகிறது. உங்கள் விஷயத்தில் படம் ‘ஏ’ என்பதால் இந்த வாதமே தேவைப்படாது. நாளைக்கு வேறு படம் வரும்போது தேவைப்படும்.

போலீஸ் பற்றி. 1952ஆம் ஆண்டு சினிமா சட்டத்தின் 7ஆம் பிரிவில், ‘ஏ’ படத்தை வயது வராதவருக்குத் திரையிடுவது சட்ட மீறல் என்று இருக்கிறது. குழுவில் யாராவது வக்கீல் இருந்தால் இந்நேரம் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருப்பார். அந்தச் சட்டம் தியேட்டரை மனதில் வைத்து எழுதியது. பூட்டிய வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்குக் காட்டியது திரையிடல்தானா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடி முடிப்பதற்குள் உங்கள் மகள் காலேஜ் முடித்துவிடுவாள். இன்னொருவர் போக்சோ என்பார். அந்தச் சட்டம் பாலியல் நோக்கத்தோடு செய்கிற காரியத்துக்கானது. அசட்டையாகப் படம் போட்ட ஆசிரியர் மேல் அதைப் போட்டால், நிஜமாகவே தேவைப்படும் பிள்ளைக்கு நாளை அதே சட்டம் கேலிப்பொருளாகிவிடும். அந்த ஆசிரியர் வேறு விதமாக நடந்துகொண்டார் என்று பிள்ளை ஏதாவது சொன்னால் மட்டும் கதையே மாறும், அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள். இல்லாவிட்டால் போலீஸ் வேண்டாம்.

சரி, பள்ளியில் போய் என்ன கேட்பது? போவதற்கு முன்னால் நீங்கள் அந்தப் படத்தை முழுக்கப் பாருங்கள். இதைப் பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் செய்வதில்லை. பிள்ளை சொன்னது, பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது, குழுவில் வந்த ஒரு நிமிட வீடியோ, இதை வைத்துக்கொண்டு போய் நிற்பார்கள். ஹெச்.எம். “நீங்க படம் பாத்தீங்களா?” என்று ஒரே கேள்வி கேட்பார், பேச்சு அங்கேயே படுத்துவிடும். படம் ஆரம்பிக்கும்போது பத்து விநாடி வருமே, சான்றிதழ் அட்டை, அதையும் பாருங்கள். ஓடிடியில் என்றால் இடது மேல் மூலையில் வயதும், வன்முறை, கெட்ட வார்த்தை என்ற குறிப்பும் வரும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடிக்காரர்களே வகை பிரித்துப் போட வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தியேட்டரில் ‘பீப்’ போட்ட வசனம் ஓடிடியில் அப்படியே வருவதும் உண்டு. “யு/ஏ படம்தான் சார் போட்டேன்” என்று ஆசிரியர் உண்மையாகவே நம்பிக்கொண்டு, பிள்ளைகள் கேட்டது வேறாக இருந்திருக்கலாம். டெலிகிராமில் இறக்கிய பிரதி என்றால் அதில் என்ன இருக்கும் என்று யாருக்குமே தெரியாது. பாடத்தோடு சேர்த்துப் பள்ளிக்குள் மாணவர்களுக்குப் படம் காட்டப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதைக் காட்டித் திருட்டுப் பிரதிக்கு நியாயம் பேச முடியாது.

அப்புறம் இந்த மாதிரிப் படங்கள் வகுப்புக்குள் எப்படி வருகின்றன என்று உள்ளிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொண்டுவருவதில்லை. பரீட்சை முடிந்திருக்கும். விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கும், மார்க் போட்டு இரண்டு நாளில் கொடுக்க வேண்டும். ஒரு ஆசிரியர் லீவு, அவர் வகுப்பையும் இவர் பார்க்க வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் “சார், எங்கிட்ட பென் டிரைவ்ல படம் இருக்கு சார்” என்பான். என்ன படம் என்று கேட்டால் நல்ல படம் என்பான். பெயரைச் சொன்னதும் இவருக்கும் அரைகுறையாக ஞாபகம் வரும், விருது வாங்கிய படம் ஆச்சே என்று. சொருகிவிட்டு விடைத்தாளைத் திருத்த ஆரம்பிப்பார். அந்தக் காட்சி வரும்போது திடீரென்று வகுப்பு அமைதியாகும். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அமைதியானால் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும், ஏதோ தப்பு நடக்கிறது என்று. எழுந்து ஓடிப்போய் மௌஸைத் தேடி, முன்னால் தள்ளுகிறேன் என்று தள்ளினால் அது சரியாகப் பாதிக் காட்சியில் போய் நிற்கும். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும். ஒரு பெண் குனிந்து டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நான் ஓட்டிவிட்டேன் சார்” என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்களே? இதில் பெயர் பெற்ற ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், 1984இல், பள்ளி ஆண்டின் கடைசி நாள். ஆசிரியை மார்க் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு ராக் இசைப் படம் போடுகிறார். அங்கே ‘ஆர்’ என்ற வகை, பதினேழு வயதுக்குக் கீழே பெற்றோர் கூட வர வேண்டும். ஆசிரியை அதைப் பார்த்ததில்லை. முன்பே பார்த்திருந்த மாணவன் ஒருவனிடம், ஆகாத காட்சி வந்தால் மறைத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அவன் கையில் இருந்தது ஒரு காகித ஃபைல், நம் ஏ4 தாள் அளவு. திரை 25 அங்குல டி.வி. அந்த ஃபைலைத் தூக்கிப் பிடித்து அவன் எதை மறைத்திருப்பான்? வேலை போயிற்று, வழக்கு மேல் முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, 1987இல் பணி நீக்கம் சரி என்று தீர்ப்பு வந்தது. படத்தைப் பாராமலே போட்டதும், அதை வைத்து ஒன்றையும் சொல்லிக்கொடுக்க நினைக்காததும் அங்கே அவருக்கு எதிராக நின்றன. அந்த ஃபைலும் நம் ஃபாஸ்ட் ஃபார்வர்டும் ஒன்றுதான்.

பள்ளியில் இதைத்தான் நீங்களும் கேட்க வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுத்தது யார், அவர் முன்பே முழுக்கப் பார்த்தாரா, எந்தப் பிரதி, ஓடும்போது ஆசிரியர் வகுப்பில் இருந்தாரா, முடிந்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு வார்த்தையாவது பேசினார்களா. இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் வந்தாலே ‘சமூக விழிப்புணர்வு’ என்ற பேச்சு தானாக நின்றுவிடும். பஸ் வரும்வரை பொழுதைப் போக்கப் போட்ட படத்துக்கு விழிப்புணர்வு என்று பிற்பாடு பெயர் வைக்க முடியாது.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். உங்கள் குழுவில் இன்னொரு குரலும் கேட்கும், கவனித்துப் பாருங்கள். “பிள்ளைங்களுக்கு எதுக்கு போலீஸ் அடிக்கிறது, சாதி, பலாத்காரம் எல்லாம்? படிப்பை மட்டும் பாருங்க” என்று. அந்தக் குரலோடு நான் சேர மாட்டேன். நாம் எதிர்க்க வேண்டியது அந்தப் படத்தை, அதைப் போட்ட விதத்தை. அந்தப் பொருளை எதிர்க்கக் கூடாது. நம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

அரூர் வட்டம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் இறங்கினார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் இருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் நம் தருமபுரி நீதிமன்றம்தான் தீர்ப்பு சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இது நடந்த மாவட்டத்தில் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் நடத்தினால் நான் என்ன சமூக அறிவியல் ஆசிரியன்? நான் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் சொன்னேன். தேதி, நீதிமன்றம், எத்தனை பேர், அந்தப் பெண்கள் எப்படி ஊர் ஊராக அலைந்து சாட்சி சொன்னார்கள் என்பது வரை. அதற்குப் பலாத்காரக் காட்சி ஒன்றைத் திரையில் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

புத்தகத்தில் படிப்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்கலாம். 1970இல் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த ஒரு சிறிய ஆவணப்படத்துக்கு ‘ஏ’ கொடுத்ததில் கிளம்பிய வழக்கு அது. மற்றக் கலைகளைவிடச் சினிமா மனதை ஆழமாகக் கலக்குகிறது, ஆகவே அதைத் தனியாக நடத்தலாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு, அது இருக்கட்டும். வகுப்பறையைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு. புத்தகத்தைப் பிள்ளை மூடி வைக்கலாம். ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்த வகுப்பில், பக்கத்தில் பையன்கள் இருக்க, எட்டாவது படிக்கும் பெண் எழுந்து “எனக்கு வேண்டாம்” என்று வெளியே போவாளா?

ஒருத்தி போனாள். அதுதான் நான் பட்ட சூடு.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு. அப்போது ஸ்மார்ட் போர்டு ஏது, புரொஜெக்டரை வேறொரு பள்ளியிலிருந்து இரவல் வாங்கி வந்தேன். ஜன்னலுக்கு ஜமுக்காளம் கட்டினோம், ஒரு பக்கம் போதாமல் சத்துணவுக் கூடத்துச் சாக்கைக் கட்டினார்கள் பையன்கள், அரிசித் தவிடு வாசனை கடைசிவரை போகவில்லை. பெண் சிசுக்கொலை பற்றிய ஒரு குறும்படம், இருபது நிமிடம்தான் இருக்கும். நம் மாவட்டத்தில் அதைப் பற்றிப் பேசாமல் எப்படி? 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் மாவட்டத்துக்கும் நீட்டினார்களே, சும்மாவா? படத்தில் ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, எந்தத் தணிக்கை அதிகாரியும் முகம் சுளிக்க மாட்டார். நான் முன்பே பார்த்தும் இருந்தேன். ஒரு கிழவி சங்கில் ஏதோ கலக்குவாள், குழந்தை அழும் சத்தம் நிற்கும். அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண், நன்றாகப் படிப்பவள், எழுந்து வெளியே போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். படம் முடிந்தும் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாள். கேட்டதற்கு “ஒண்ணுமில்ல சார்” என்றாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியிடம், “எனக்கு முன்னாடி அக்கா ஒருத்தி இருந்தாளா?” என்று கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் அம்மா வந்தார். களை எடுக்கப் போகிற சேலையோடு, கையில் சாப்பாட்டுத் தூக்கு. சண்டைக்கு வரவில்லை. ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டும் வராமல் படியிலேயே நின்று சொன்னார். “படம் போட்டது தப்புன்னு சொல்லல சார். நானே ஒருநா அவகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும்னு இருந்தேன். நீங்க இன்னிக்கு இந்தப் படம் போடப்போறேன்னு ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா, அதுக்கு முன்னாடி நா சொல்லியிருப்பேன் இல்ல?”

நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் முன்னதாக வீட்டுக்குச் சீட்டு போகாமல் நான் எந்தப் படமும் போட்டதில்லை. படத்தின் பெயர், எத்தனை நிமிடம், எதைப் பற்றியது, சங்கடமான காட்சி இருந்தால் அது என்ன, எந்தப் பாடத்துக்காக. கீழே ஒரு வரி: பிள்ளை பார்க்க வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம். படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தார்கள், பிள்ளையே வாசித்துக் காட்டட்டும் என்றேன். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, வாசிக்கும்போதே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். அத்தனை வருஷத்தில் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இதைத்தான் நீங்களும் பள்ளியிடம் கேளுங்கள் தம்பி. “இனிமேல் படமே போடக் கூடாது” என்று கேட்காதீர்கள். அது பள்ளிக்கு ரொம்ப வசதியான கோரிக்கை. உடனே சரி என்பார்கள், அந்த நேரத்தையும் ஒரு டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். மார்க்குக்காக ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைக்கிற பள்ளிகள் நம் பக்கம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல படம் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடமும் மூடிப்போகும். அரசுப் பள்ளிகளில் 2022லிருந்து 6 முதல் 9 வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டம் கொண்டுவந்தார்கள். பொறுப்பாசிரியர் முன்பே பார்க்க வேண்டும், பிள்ளைகளிடம் கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும், முடிந்ததும் கலந்து பேச வேண்டும் என்பது அதன் முறை. எல்லா ஊரிலும் அப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முறை சரியான முறை, தனியார் பள்ளியும் காப்பி அடிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெற்றோர் எதிர்ப்பு எந்த எல்லை வரை போகலாம் என்பதற்கும் அமெரிக்காவிலிருந்தே இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன், அவர்கள் இதில் நமக்கு முன்பே அடித்துக்கொண்டவர்கள். மினசோட்டாவில் ஒரு ஊர். சீட்டுக் குலுக்கி ஊரே சேர்ந்து ஒருத்தியைக் கல்லால் அடித்துக் கொல்லும் சிறுகதை ஒன்றின் படத்தை இலக்கிய வகுப்பில் காட்டிவந்தார்கள். வன்முறை என்று சொல்லிப் பெற்றோர் எதிர்த்தார்கள், பள்ளி நிர்வாகம் படத்தை எடுத்துவிட்டது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். உண்மையான எதிர்ப்பு வன்முறைக்கு இல்லை, அந்தக் கதை மதத்தையும் குடும்பத்தையும் கேள்வி கேட்கிறது என்ற கோபம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னது நீதிமன்றம். 1982இல். ஆனால் 1995இல் விஸ்கான்சினில், யூதர் படுகொலையைப் பற்றிய, உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய படம் ‘ஆர்’ வகை என்பதால் காட்ட மாட்டோம் என்று ஒரு பள்ளி நிர்வாகம் சொன்னபோது, வயது வகையை வைத்து ஒரு பொது விதி போட்டுக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வழி தெரிகிறது. வயதை, காட்சியை, சான்றிதழைச் சொல்லி எதிர்த்தால் நிற்கும். “எங்கள் ஆட்களைத் தப்பாகக் காட்டுகிறது”, “இதெல்லாம் பேசினால் சாதிச் சண்டை வரும்” என்று எதிர்த்தால் அது வேறு காரியம். உங்கள் குழுவில் கையெழுத்துப் போட வருகிறவர்களில் இந்த இரண்டாம் ரகமும் இருக்கும். கடிதத்தில் அவர்கள் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, வகுப்பு, படத்தின் பெயர், அதன் சான்றிதழ், நீங்கள் பார்த்த மூன்று நான்கு காட்சிகள் எத்தனையாவது நிமிடத்தில் என்று. கேட்பது என்ன என்று இரண்டே வரி: நடந்தது பற்றி எழுத்தில் விளக்கம், இனிமேல் ஒரு வாரம் முன்னதாக டைரியில் குறிப்பும் வேண்டாம் என்றால் மாற்று ஏற்பாடும். ஆசிரியர் பெயரை எழுதாதீர்கள். அது யார் என்று ஹெச்.எம்.முக்குத் தெரியும். வாங்கியதற்கு முத்திரையும் தேதியும் போட்ட நகல் கையில் இருக்கட்டும். முதலில் ஹெச்.எம்., பதில் வரவில்லை என்றால் கரஸ்பாண்டன்ட், அதோடு பெற்றோர் ஆசிரியர் கழகம். அரசுப் பள்ளி அல்லது உதவி பெறும் பள்ளி என்றால் இன்னும் சுலபம், கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள், அங்கே ஒரு தீர்மானம் போட்டாலே போதும். உங்கள் பள்ளி தனியார் என்பதால் அது பொருந்தாது. மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர். 14417 என்ற எண்ணில் கல்வித் துறையிடமும் சொல்லலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. முத்திரை போட்ட கடிதம் என்றாலே தனியார் பள்ளி இறங்கி வரும், அடுத்த வருஷத்து அட்மிஷன் ஞாபகம் வந்துவிடும்.

குழுவில் அந்த ஆசிரியரின் போட்டோ சுற்றுகிறதா? சுற்றினால் எடுக்கச் சொல்லுங்கள். சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியும், வேலை போனால் அந்தப் பெண்மணியோ அந்தப் பையனோ வேறு பள்ளியில் சேர முடியாத நிலைக்கு ஒரு போட்டோ போதும். விடைத்தாள் திருத்தும் நாளில் வகுப்பையும் பார் என்று உட்கார வைத்த நிர்வாகத்தின் போட்டோவை யாரும் போடுவதில்லை.

இத்தனையும் பள்ளி விஷயம். வீட்டில் பிள்ளை இருக்கிறாளே. எந்தக் காட்சி, யார் என்ன செய்தார்கள் என்று விசாரணை செய்யாதீர்கள், அவளுக்கு அது மறுபடியும் அந்த வகுப்பறை. நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள், உங்களுக்கும் கஷ்டமாக இருந்தது என்று. அப்புறம் அவள் பேசட்டும். பெரும்பாலும் இந்த வயதில் ஒரே கேள்விதான் வரும், நிஜமாகவே போலீஸ் இப்படிச் செய்வார்களா, நம் ஊரிலும் நடக்குமா என்று. “சீ, அதெல்லாம் சினிமா” என்று சொல்லிவிடாதீர்கள். நாளைக்கே அவள் வாச்சாத்தி என்று தேடிப் பார்ப்பாள், அப்புறம் எதற்கும் உங்களிடம் வர மாட்டாள். நடந்தது என்று சொல்லுங்கள், அரூர் பக்கத்திலேயே நடந்தது என்று. படம் எங்கே முடிந்ததோ அதற்குப் பிறகு உள்ள கதையை நீங்கள் சொல்லுங்கள்: அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்து கை நீட்டி அடையாளம் காட்டினார்கள், பத்தொன்பது வருஷம் ஆனது, ஒருவரைக்கூட விடாமல் தீர்ப்பு வந்தது. அவளுக்குத் தெரிய வேண்டியது அதுவும்தானே. அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். இன்னும் ஒரு வாரம் பத்து நாள் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் சனிக்கிழமை ராத்திரி வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு இருங்கள். பள்ளி திறக்கிற அன்று காலையில் கடிதத்தோடு போங்கள், இன்னும் இரண்டு பெற்றோர் கூட வந்தால் நல்லது, இருபது பேர் வேண்டாம். ஓசூருக்கு அன்று மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.